பழைய பாஸ்போர்ட்டை ஏன், எப்போது ஒப்படைக்க வேண்டும்?

சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கப்போகும் இந்தியத் தமிழர்களிடம் பழைய பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "அது கையில் இருக்கும்வரை நாம் இந்தியர்தான்" என்பார் ஒருவர். "காலாவதியானால் தன்னால் செத்துவிடும், கொடுக்கவே வேண்டாம்" என்பார் இன்னொருவர். "ஓசிஐ எடுத்துவிட்டால் இரண்டு நாட்டுக் குடியுரிமையும் இருக்கும்" என்று மூன்றாமவர் உறுதியாகச் சொல்வார் (ஓசிஐ என்பது இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்’ அட்டை). தேக்காவில் சாப்பாட்டு மேசையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த மூன்றும் அப்படியே பரவுகின்றன. மூன்றுமே தவறு. நம்பி நடப்பவர்கள் அபராதம் கட்டுகிறார்கள், அவசரத்துக்கு ஊர் போக முடியாமல் தவிக்கிறார்கள். அதனால்தான் இதை அடியிலிருந்து விளக்குகிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான். குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் ஒரே பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். அவை வேறு வேறு. ஒன்று போகும் நேரமும் மற்றொன்று போகும் நேரமும்கூட வேறு.

அலுவலக அட்டையும் வேலையும்

ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள். கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது. ஆனால் வேலை அந்த அட்டையில் இல்லை, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. அட்டை தொலைந்தாலும் வேலை இருக்கும். வேறு நிறுவனத்தில் சேர்ந்த பிறகு பழைய அட்டை சட்டைப்பையில் கிடந்தாலும், தப்பித்தவறி அந்தக் கதவு இன்னும் திறந்தாலும், நீங்கள் அங்கே ஊழியர் அல்ல. உள்ளே போவது குற்றம். அட்டையும் உங்களுடையதல்ல, நிறுவனத்தின் சொத்து. திருப்பிக் கொடுத்துவிட்டு "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு தாளை வாங்கிக்கொள்வதுதான் முறை.

குடியுரிமை என்பது ஒரு நாட்டுக்கும் உங்களுக்கும் இடையே சட்டம் போட்டிருக்கும் உறவு. அந்த வேலை மாதிரி. பாஸ்போர்ட் என்பது அந்த உறவை எல்லையில் காட்டுவதற்கு அரசு கொடுத்திருக்கும் பயண ஆவணம். அந்த அட்டை மாதிரி. இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. பணம் கட்டி வாங்கினோம், நம் படம் இருக்கிறது, நம் பெயர் இருக்கிறது என்பதால் அது நம்முடையது ஆகிவிடாது.

இந்தியக் குடியுரிமை எந்த நேரத்தில் போகிறது?

இந்திய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் ஒரே கருத்தைச் சொல்கின்றன. ஓர் இந்தியர் தானே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், பெற்ற அந்த நேரத்திலேயே அவர் இந்தியக் குடிமகனாக இருப்பது முடிந்துவிடும். இதற்கு யாரும் ஆணை பிறப்பிக்க வேண்டாம். தூதரகத்துக்குத் தெரிந்திருக்கவும் வேண்டாம். இதை முடிவுறுதல் என்று சொல்லலாம். சட்டம் தானாகச் செய்வது.

ஆகவே பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருடம் பாக்கி இருக்கலாம், அலமாரியில் பத்திரமாக இருக்கலாம். சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்ட பிறகு அது வெறும் புத்தகம். ஒப்படைக்காமல் வைத்திருப்பதால் இந்தியக் குடியுரிமை நீடிக்காது. ஒப்படைப்பதால் குடியுரிமை போவதும் இல்லை. அது ஏற்கெனவே போய்விட்டது.

பலர் தூதரகத்துக்குப் போவதைத் தள்ளிப்போடுவது சோம்பலால் அல்ல, மனம் வராமல்தான். அம்மா அப்பாவுடன் ரேஷன் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு அலைந்து வாங்கிய புத்தகம் அது. முதல் வேலைக்கான விசா அதில்தான் குத்தப்பட்டது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தள்ளிப்போடுவதால் காப்பாற்றப்படுவது எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதுவரை பார்த்தது: வெளிநாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் இந்தியக் குடியுரிமை தானாக முடிகிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது அதன் பிறகு மிச்சமிருக்கும் ஆவணக் கணக்கை முடிப்பது.

இன்னொரு வழி: தானே முன்வந்து துறப்பது

குடியுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வேறொரு வழியைத் தருகிறது. வயதுவந்த ஓர் இந்தியர், "என் இந்தியக் குடியுரிமையை விட்டுவிடுகிறேன்" என்று முறைப்படி எழுதிக் கொடுத்து, அதை அதிகாரி பதிவு செய்தால், பதிவான நேரத்தில் குடியுரிமை முடிகிறது. இதுதான் துறப்பு.

இரண்டில் எப்படிப் போனால் என்ன, போனது போனதுதானே என்று தோன்றும். பிள்ளைகள் விஷயத்தில் அப்படி இல்லை. 8ஆம் பிரிவின்படி பெற்றோர் துறந்தால் அவர்களுடைய வயதுவராத பிள்ளையின் இந்தியக் குடியுரிமையும் சேர்ந்து போகும். ஆனால் அந்தப் பிள்ளை 18 வயது நிரம்பிய ஓராண்டுக்குள் "எனக்கு அது மீண்டும் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். 9ஆம் பிரிவின்படி தானாக முடிந்த குடியுரிமைக்கு இந்தச் சலுகை கிடையாது.

இந்த வேறுபாடு ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்தின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. பெற்றோர் 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார்கள். அப்போது தாய் கருவுற்றிருந்தார். மகன் 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் பிறந்தார். வளர்ந்த பிறகு, 8ஆம் பிரிவின் சலுகைப்படி இந்தியக் குடியுரிமை தனக்கு வேண்டும் என்று கேட்டார். மறுக்கப்பட்டதும் சென்னை உயர் நீதிமன்றம் போனார். அங்கே அவர் பக்கம் தீர்ப்பானது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெற்றோர் 8ஆம் பிரிவின்படி துறக்கவில்லை, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதால் 9ஆம் பிரிவின்படி அவர்களுடைய குடியுரிமை தானாக முடிந்தது, எனவே 8ஆம் பிரிவின் சலுகை மகனுக்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம்.

பிள்ளைகளோடு குடியுரிமை மாறப்போகும் பெற்றோர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். "பெரியவனானதும் அவனே முடிவு பண்ணிக்கட்டும்" என்று பலர் லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். அவன் முடிவுசெய்யும் வழி திறந்திருக்குமா என்பது, நீங்கள் எந்த வழியில் வெளியே வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. துறப்பு முதலில் பதிவானதா, புதிய குடியுரிமை முதலில் வந்ததா என்பதே கேள்வி. உங்கள் வரிசை எப்படி அமைகிறது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கம் என்ன நடக்கிறது?

சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திலிருந்து முதலில் வருவது கொள்கையளவிலான ஒப்புதல். "உங்களை எடுத்துக்கொள்ளத் தயார், மீதி வேலையை முடியுங்கள்" என்று பொருள். அந்தக் கடிதம் வந்ததுமே குடிமகனாகிவிட்டதாகச் சிலர் நினைத்து இனிப்பு கொடுத்துவிடுகிறார்கள். இன்னும் ஆகவில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம் என்னும் அறிமுகத் திட்டத்தை முடிக்க வேண்டும். பழைய குடியுரிமையை விட்டதற்கான ஆவண வேலை இருக்கிறது. 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், பழைய நாட்டைத் துறந்து சிங்கப்பூருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். நிரந்தரவாசிகளின் நீல நிற அடையாள அட்டை போய், குடிமக்களின் இளஞ்சிவப்பு அடையாள அட்டையான பிங்க் ஐசி வருவது இதற்கெல்லாம் பிறகு.

எந்தத் தாளை எந்தக் கட்டத்தில் காட்ட வேண்டும் என்பது ஆணையம் உங்களுக்கு அனுப்பும் கடிதத்தில் இருக்கும். நண்பர் சொன்ன வரிசையை விட்டுவிட்டு அந்தக் கடிதத்தின் வரிசையைப் பின்பற்றுங்கள்.

ஒப்படைக்காத பாஸ்போர்ட்டைப் பற்றி இந்தியா மட்டும்தான் கவலைப்படும் என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூர் அரசியலமைப்பின் 135ஆம் பிரிவின்படி, சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாலோ, புதுப்பித்தாலோ, அதைப் பயண ஆவணமாகப் பயன்படுத்தினாலோ, அவருடைய சிங்கப்பூர்க் குடியுரிமையை அரசு பறிக்க முடியும். பழைய புத்தகம் ஒன்றுக்காகப் புதிய நாட்டையும் இழக்கும் நிலை வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

பிள்ளைகளைப் பற்றி இங்கேயும் ஒரு குறிப்பு. சிறுவயதில் பெற்றோருடன் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்கள் 21 வயது முடிந்து 12 மாதத்துக்குள் அந்த உறுதிமொழியைத் தாங்களே எடுக்க வேண்டும். தேதியைக் குடும்ப நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஆபத்தான இடைவெளி

இரண்டு பாஸ்போர்ட்டுகளுக்கும் நடுவே சில நாட்களோ வாரங்களோ வரும். தொல்லைகள் பெரும்பாலும் பிறப்பது இங்கேதான்.

ஒரு சூழ்நிலையைப் பாருங்கள். ஒருவர் உறுதிமொழி எடுத்துக் குடிமகனாகிவிட்டார். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கு "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருக்கிறார். இரவு பதினொரு மணிக்குக் கும்பகோணத்திலிருந்து தம்பி அழைக்கிறான்: "அண்ணே, அப்பாவை ஐசியுவில சேர்த்திருக்கோம், உடனே கிளம்பி வா." மேசை இழுப்பறையில் நீல நிற இந்தியப் பாஸ்போர்ட் கிடக்கிறது. காலாவதியாக இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. திருச்சிக்கு விடிகாலை விமானமும் இருக்கிறது. யாருக்குத்தான் கை போகாது?

ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டில் அவர் போகக் கூடாது. சாங்கியில் அவர் சிங்கப்பூர்க் குடிமகன் என்று பதிவாகியிருக்கிறது. திருச்சியில் அவர் இந்தியர் அல்லாத ஒருவராக இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டுகிறார். இரண்டு நாட்டுச் சட்டத்தையும் ஒரே இரவில் மீறுகிறார். அவருக்குச் சரியான வழி, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் எடுத்து, அதில் இந்தியாவுக்கான இ-விசா வாங்கிப் போவது. இந்தியா போகும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா வேண்டும், அங்கேயே பிறந்தவராக இருந்தாலும்.

அதனால் நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்வது: ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், குடியுரிமை வேலையின் கடைசிக் கட்டத்தை நீங்கள் ஊருக்குப் போய்வந்த பிறகு வையுங்கள். குடிமகனானதும் முதல் வேலையாகச் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஓசிஐ வரும்வரை காத்திருக்காமல் விசாவுக்கான தாள்களைத் தயாராக வையுங்கள். இந்த இடைவெளியில் கல்யாணம், காதுகுத்து என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஒப்படைக்கும்போது என்ன கிடைக்கும்?

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுபவர்கள் உண்டு. நடப்பது அப்படியல்ல. இணையத்தில் விண்ணப்பம் நிரப்பி, கடைசியாக வைத்திருந்த இந்தியப் பாஸ்போர்ட்டையும் புதிய குடியுரிமைக்கான ஆதாரத்தையும் கொடுத்துக் கட்டணம் கட்டுகிறீர்கள். பாஸ்போர்ட்டை ரத்து செய்து பொதுவாக உங்களிடமே திருப்பித் தருகிறார்கள். ரத்து என்ற முத்திரை இருக்கும், பக்கங்கள் அப்படியே இருக்கும். முதல் விசா குத்திய பக்கம், மீனம்பாக்கத்தின் பழைய முத்திரை, இருபது வயதில் எடுத்த ஒட்டிய கன்னத்துப் படம் எல்லாமே உங்களோடு வீட்டுக்கு வரும்.

அதோடு ஒரு சான்றிதழும் வரும். அதுதான் ஒப்படைப்புச் சான்றிதழ்: உங்கள் இந்தியப் பாஸ்போர்ட் முறைப்படி ஒப்படைக்கப்பட்டு ரத்தானது என்று இந்திய அரசு தரும் ஆதாரம். சிலருடைய தாளில் துறப்புச் சான்றிதழ் என்று தலைப்பு இருக்கும். பிற்பாடு ஓசிஐக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் தாள் இதுதான். விசாவுக்கும் கேட்கப்படலாம். பிங்க் ஐசிக்குச் சமமான அக்கறையோடு இதைப் பாதுகாத்து வையுங்கள், ஒரு நகலைக் கைப்பேசியிலும் வையுங்கள்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டதால் ஒப்படைக்க வேண்டியதில்லை என்று விட்டுவிடுவது ஒன்று. காலாவதியானதையும் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கத்தான் வேண்டும். அப்பா அம்மா தங்களுடையதை மட்டும் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட்டை மறந்துவிடுவது மற்றொன்று. பிள்ளைக்குத் தனி விண்ணப்பம், தனிச் சான்றிதழ்.

ஓசிஐ என்பது குடியுரிமையா?

இல்லை. ஓசிஐ அட்டை 2006இல் வழக்கத்துக்கு வந்தது. இந்திய வம்சாவளியினருக்கு வாழ்நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்துபோகும் விசாவும், வெளிநாட்டு இந்தியர்களுக்கு உள்ள சில வசதிகளும் தரும் பதிவு அது. பழைய நிறுவனம் தன் முன்னாள் ஊழியருக்கு மரியாதையாகக் கொடுத்த நிரந்தர வருகையாளர் அட்டை என்று வையுங்கள். உள்ளே வரலாம், உட்காரலாம், காப்பி குடிக்கலாம். ஊழியர் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது.

பெயரில் குடிமகன் என்று இருப்பதால்தான் இரட்டைக் குடியுரிமை என்ற பேச்சு கிளம்பியது. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓசிஐ வைத்திருப்பவர் இந்தியத் தேர்தலில் வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்காது. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துத்தான் அதைக் காட்ட வேண்டும்.

சுருக்கமாக: ரத்தான பாஸ்போர்ட், ஒப்படைப்புச் சான்றிதழ், ஓசிஐ அட்டை மூன்றும் தனித்தனி. முதலாவது நினைவுக்கு, இரண்டாவது ஆதாரத்துக்கு, மூன்றாவது போக்குவரத்துக்கு.

ஊரில் இருக்கும் நிலமும் வீடும்?

தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் அப்பா எழுதிவைத்த வயல் போய்விடுமா? போகாது. புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் தடை. பரம்பரையாக வருவதைப் பெற்றுக்கொள்ளலாம். இந்தியாவில் வசித்த காலத்தில் வாங்கிய நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம். வீடும் மனையும் ஓசிஐ உள்ளவர்கள் வாங்கவே செய்யலாம். இந்தப் பயத்தினால் அண்ணன் தம்பி பெயருக்கு அவசர அவசரமாக மாற்றி எழுதிக் கொடுத்து, பிறகு குடும்பத்தில் மனக்கசப்பு வளர்த்துக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்குங்கள். குடிமகன் அல்லாதவர் அதில் இருக்கக் கூடாது. பான் எண்ணை வைத்துக்கொள்ளலாம், வரி விஷயத்துக்குத் தேவைப்படும். ஆதார் அட்டை குடியுரிமைக்கான சான்று அல்ல. "ஆதார் இருக்கே" என்று அதை நம்பி எதையும் வாதாட முடியாது.

மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள்

மேலே சொன்ன தானாக முடிவுறுதல் இந்தியச் சட்டத்தின் கதை. மலேசியாவில் அப்படி இல்லை. அந்நாட்டு அரசியலமைப்பின் 23ஆம் பிரிவின்படி, 21 வயது நிரம்பியவர் துறப்பதாக எழுதிக் கொடுத்து, அரசு அதைப் பதிவு செய்ய வேண்டும். முறைப்படி துறந்த மலேசியர்கள் அங்கே ஊழியர் சேமநிதியில் இருக்கும் பணத்தை எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இலங்கைச் சட்டம் விண்ணப்பித்துப் பெறும் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆனால் சிங்கப்பூர் ஏற்காததால் இங்கே குடிமகனாகும் இலங்கைத் தமிழருக்கு அதனால் பயனில்லை. ஜோகூர்காரர் சொல்லும் நடைமுறையைத் தஞ்சாவூர்காரரும், யாழ்ப்பாணத்தவர் சொல்வதை இருவரும் அப்படியே பின்பற்றினால் சிக்கல்தான்.

பல வருடமாக ஒப்படைக்காதவர்கள்

தொண்ணூறுகளில் குடியுரிமை பெற்ற பெரியவர்கள் பலரிடம் பழைய இந்தியப் பாஸ்போர்ட் இன்றும் இருக்கிறது, அல்லது வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. ஒப்படைப்புச் சான்றிதழ் கண்டிப்பாக்கப்பட்டது 2010 ஜூன் மாதத்திலிருந்துதான். அதற்கு முன் குடியுரிமை பெற்றவர்களைத் தனியாகவே நடத்துகிறார்கள். அவர்கள் குற்ற உணர்ச்சியோடு ஒளிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பாஸ்போர்ட் இருந்தால் அதையும், தொலைந்திருந்தால் அதற்கான போலீஸ் புகாரின் நகலையும் எடுத்துக்கொண்டு இந்தியத் தூதரகத்தின் நடைமுறையைக் கேட்கலாம்.

2010க்குப் பிறகு குடிமகனாகி ஒப்படைக்காமல் விட்டவர்களுக்கு அபராதம் இருக்கலாம். சும்மா வைத்திருந்ததற்கும், அதை வைத்துப் பயணம் செய்ததற்கும், இந்தியர் என்று சொல்லிப் புதுப்பித்ததற்கும் தண்டனை ஒன்றல்ல. பின்னால் சொன்னவை கடுமையானவை. வெறுமனே அலமாரியில் வைத்திருந்தவர் என்றால் உள்ளபடி சொல்லி, கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டிச் சான்றிதழை வாங்கிவிடலாம். பயணம் செய்தவர், புதுப்பித்தவர் என்றால் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே இரு நாட்டுக் குடியுரிமைச் சட்டமும் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். விண்ணப்பத்தில் பொய்யாக எழுதுவது அதைவிடப் பெரிய வினையைக் கொண்டுவரும்.